தேக்கு, ரப்பர், தூங்குமூஞ்சி: அடுக்குமாடி வீட்டுத் தச்சருக்கு எது தோது?

கையால் செய்த மரப்பெட்டியை யாரிடம் காட்டினாலும் முதலில் வரும் கேள்வி, “தேக்கா?” என்பதுதான். இல்லையென்றால் கேட்டவரின் உற்சாகம் பாதியாகிவிடும். ஊரில் தாத்தா வீட்டுக் கதவும் ஊஞ்சலும் தேக்காக இருந்த பெருமை நம்மவர்களை எளிதில் விடுவதில்லை. ஆனால் சிங்கப்பூரில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் ஒரு மூலையில் பொழுதுபோக்காக உளி பிடிப்பவருக்கு ரப்பரும் தூங்குமூஞ்சியும் கூடக் கைக்கெட்டும் மரங்கள். என் ஓட்டு தூங்குமூஞ்சிக்கு. எல்லாச் சாமானுக்கும் அல்ல என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இங்கே வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்குக் கறையானைவிடக் காற்றே பெரிய சோதனை. வெளியே ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். இரவெல்லாம் குளிரூட்டி ஓடும் அறையிலோ அது வெகுவாக இறங்கிவிடும். காற்றாடும் இடத்தில் வைத்து இழைத்த பலகை ஏறக்குறைய 16 விழுக்காடு ஈரத்தோடு இருக்கும். குளிரறையில் சில வாரம் கிடந்தால் 11 வரை இறங்கலாம். அப்போதுதான் மூடி ஆடத் தொடங்குகிறது, இறுக்கி ஒட்டிய அடிப்பலகை வெடிக்கிறது. பச்சை மரம் முழுக்க உலரும்போது வளர்ச்சி வளையத்தின் போக்கில் தேக்கும் ரப்பரும் 5 விழுக்காடு அளவுக்குச் சுருங்குகின்றன. தூங்குமூஞ்சி 3.5 விழுக்காட்டை ஒட்டி நின்றுவிடுகிறது. ஹவாயில் இந்த மரத்தைப் பச்சையாகவே கடைந்து கிண்ணம் செய்யும் வழக்கம் வந்ததற்கு இதுவே காரணம்.

அப்படியானால் தேக்குக்கு ஏன் அவ்வளவு மதிப்பு? அதிலுள்ள எண்ணெய்தான். கறையானும் பூஞ்சையும் வைரம் பாய்ந்த தேக்கை எளிதில் அண்டுவதில்லை. மழைச்சாரல் அடிக்கும் தாழ்வாரத்தில் செருப்பு அடுக்கவோ பூந்தொட்டி வைக்கவோ ஒரு பெஞ்சு வேண்டுமென்றால் மறுபேச்சில்லாமல் தேக்கு. ஆனால் அதே எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். மரத்துக்குள் நுண்ணிய சிலிக்காத் துகள்களும் உண்டு. இழைப்புளியின் அலகு சீக்கிரம் மழுங்கும். வேலை செய்யும் நேரத்தில் பாதி சாணைக்கல்லோடு கழியும். விலையும் மூன்றில் அதற்கே அதிகம்.

ரப்பர் மரத்தை நம்மவர்கள் மட்டமாக நினைப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. 1877இல் லண்டனின் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு 22 ரப்பர் நாற்றுகள் வந்தன. பிறகு மலாயாவின் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பால் வற்றிய மரம் அன்று விறகானது. இன்று 25, 30 ஆண்டு வயதான மரங்கள் அறுக்கப்பட்டு, போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்தப்பட்டு, துண்டுகளை ஒட்டிய பலகைகளாக விற்பனைக்கு வருகின்றன. மாவுச்சத்து மிகுந்த மரம். மருந்தேற்றாவிட்டால் வண்டு துளைக்கும், பூஞ்சை பிடித்து நீலம் பூக்கும். வெளியிலும் வைக்கக் கூடாது. மற்றபடி பசையும் சாயமும் ஒழுங்காகப் பிடிக்கும், உளிக்கு அடங்கும். அஞ்சறைப் பெட்டி செய்யக் கற்றுக்கொள்பவருக்கு இதைவிட நல்ல ஆசான் இல்லை. அழகு என்று பார்த்தால் சுமார்தான்.

தூங்குமூஞ்சி 1876இல் இங்கே வந்தது. இன்று தீவின் சாலையோரமெல்லாம் குடை விரித்து நிற்கிறது. வெட்டப்பட்ட மரங்களைப் பலகையாக அறுத்து விற்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் வாங்குங்கள். பூங்காவில் கிளை விழுந்து கிடக்கிறதே என்று அனுமதியின்றித் தூக்கி வரக் கூடாது. பச்சைப் பலகையானால் ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது காற்றில் உலர்த்தும் பழைய கணக்கு. இரு முனைகளிலும் மெழுகோ பெயின்டோ பூசிவிட்டால் வெடிப்பு குறையும்.

இதன் குறையையும் மறைக்க மாட்டேன். இழைகள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் பின்னி ஓடும். இழைப்புளி ஒரு சாண் தூரம் பட்டாக ஓடும். அடுத்த சாணில் நாரைப் பிய்த்தெடுத்துப் பள்ளமாக்கிவிடும். அலகை மயிரிழையளவே வெளியே விட்டு, குறுக்காகச் சீவி, கடைசியில் சுரண்டு தகட்டால் முடிக்க வேண்டும். தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது, முகக்கவசம் கட்டாயம். ஆனால் ஒரு பல்லாங்குழிப் பலகை குடைந்து பாருங்கள். குழியின் விளிம்பில் வெளிர்மஞ்சள், உள்ளே இறங்க இறங்கக் கரும்பழுப்பு வைரம், நடுவில் தங்க நிறக் கீற்று. எண்ணெய் ஒரு கை பூசியதும் பதினான்கு குழிகளும் பதினான்கு விதமாக நிற்கும். தேக்கில் இந்த வேடிக்கை கிடையாது. குடைவதற்குக் கொட்டாப்புளியை (மரச்சுத்தியலை) ஓங்க வேண்டியதில்லை, வளைவுளியைக் கையால் தள்ளினாலே போதும். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்ட மாட்டார்.

ஆகவே தட்டு, கிண்ணம், பல்லாங்குழி, சுவரில் மாட்டும் அலங்காரம் எல்லாம் தூங்குமூஞ்சியில். பெட்டி, இழுப்பறை ரப்பரில். மழை படுவது தேக்கில். கொலுப்படிக்கு மூன்றுமே வேண்டாம், ஒட்டுப்பலகை (பிளைவுட்) போதும். ஒன்பது நாள் துணிக்கடியில் நிற்கப்போகும் படிக்கு இழையழகு எதற்கு? மடக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளுமளவுக்கு இலேசாக இருந்தால் சரி.