வெண்டைக்காய் மண்டிக்காகவே போகலாம்: கானாடுகாத்தான் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு ஞாயிறு

செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானிலிருந்து சற்று உள்ளே, செம்மண் பாதை முடியும் இடத்தில் உள்ள ஒரு தோட்டத்தில், குடும்பங்களை வரவழைத்துக் காய் பறிக்கவும் பறித்ததை அங்கேயே சமைக்கவும் வைக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கூடுகைக்கு, சென்ற மாசியில் நாங்கள் ஐந்து பேர் சென்றுவந்தோம். கட்டணம் பெரியவர்களுக்கு 900 ரூபாய், பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 400 ரூபாய். சில குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் தோட்டத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

காலை 7 மணிக்கு ஆளுக்கொரு பனையோலைக் கொட்டானைக் கொடுத்துக் கொல்லைக்குள் அனுப்பினார்கள். கத்திரி, அவரை, கொத்தவரை, வெண்டை என நான்கு பாத்திகள். என் அக்காள் மகன் விரல் நீளத்துக்கு மேற்பட்ட வெண்டைக்காய்களாகத் தேடிப் பறித்துக்கொண்டிருந்தான். சமையலை முன்னின்று நடத்திய ஆச்சி அவனிடமிருந்து ஒன்றை வாங்கி நுனியை வளைத்துக் காட்டி, "ஒடியலேன்னா அது வித்துக்கு, அப்பு; கொழம்புக்கு ஆகாது" என்றார். அதன்பிறகு அவன் ஒவ்வொரு காயின் நுனியையும் ஒடித்துப் பார்த்தே கொட்டானில் போட்டான். அன்று உலைக்குப் போன காய்களில் பாதிக்கு நுனி இல்லை.

அந்த வெண்டைக்காயில் செய்த மண்டி என்னும் புளிக்குழம்பே அன்றைய விருந்தின் சிறந்த பண்டம். மண்டிக்கு அரிசி களைந்த இரண்டாவது தண்ணீர்தான் வேண்டும்; முதல் தண்ணீரில் தூசி இருக்கும், மூன்றாவதில் சாரம் இருக்காது. அதில் புளியைக் கரைத்து வைத்துக்கொண்டு, வெண்டைக்காயை நல்லெண்ணெயில் வழவழப்பு நீங்கும்வரை வதக்கி, தாளித்த சின்ன வெங்காயம், பூண்டு, கீறிய பச்சை மிளகாய், வேகவைத்த மொச்சை ஆகியவற்றோடு சேர்த்துக் கொதிக்கவிட்டார்கள். களைந்த தண்ணீரே குழம்பைக் கெட்டிப்படுத்திவிடுவதால் தேங்காயும் தேவைப்படவில்லை, மசாலாப் பொடியும் தேவைப்படவில்லை. வாடிய காயை இதில் ஒளித்துவைக்க முடியாது. பட்டையும் கல்பாசியும் மிளகும் கண்ணைக் கரிக்கவைப்பதே செட்டிநாட்டுச் சமையல் என்று நகரத்து உணவகங்கள் பழக்கிவிட்ட நாக்குக்கு இந்தப் பண்டம் முதல் கவளத்தில் சப்பென்று தோன்றலாம். எங்கள் இலைகளில் மூன்றாவது கவளத்துக்குப் பிறகு கோழியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கோழியைப் பார்க்காமல் விட்டதற்கு வேறு காரணமும் உண்டு. அம்மியும் உரலும் கண்முன்னே கிடக்க, கோழி வறுவலுக்குக் கடை மசாலாப் பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினார்கள்; ஊரெல்லாம் கிடைக்கும் அதே சுவை. பர்மாவுக்குத் தொழில் செய்யப் போன செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் வழியாக இங்கே வேரூன்றிய கவுனி என்னும் கறுப்பு அரிசியையும் கெடுத்துவிட்டார்கள். முதல்நாள் இரவே ஊறவைக்க வேண்டிய அரிசியைக் காலையில் ஊறப்போட்டால் எத்தனை சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் போட்டாலும் பல்லில் நறநறக்கத்தான் செய்யும்.

பிள்ளைகளுக்குப் பிடித்தது வெள்ளைப் பணியாரம். உழக்கு நிறையப் பச்சரிசியை எடுத்து, அதன்மேல் கோபுரமாக நிற்கும் அளவுக்கு மட்டும் உளுந்தை வைக்கும் பழைய அளவை அவர்களைக்கொண்டே அளக்கச் செய்து, ஆட்டுக்கல்லையும் முறைவைத்துச் சுற்றவிட்டார்கள். ஊற்றிய மாவு எண்ணெயின் அடிக்குப் போய், ஓரம் கட்டி, உப்பி மேலே வரும்போதெல்லாம் கூச்சல். எண்ணெய்ச் சட்டிக்கு நான்கடி தள்ளிக் கயிறு கட்டியிருந்தது பாராட்டத்தக்கது. அதே அக்கறையைக் கிணற்றின் மேல் காட்டவில்லை: கைப்பிடிச் சுவர் என் முழங்கால் உயரம்கூட இல்லை, மேலே வலையும் இல்லை. சிறு பிள்ளைகளோடு செல்பவர்கள் ஒருவரை அந்தப் பக்கம் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இன்னொரு முறை செல்வோம், ஆனால் சைவச் சமையலுக்கு மட்டும் பதிந்துகொண்டு. அதற்குக் கட்டணமும் 200 ரூபாய் குறைவு. செல்பவர்கள் 7 மணிக்கே போய்விடுங்கள். 8 மணிக்கு வந்த குடும்பத்துக்குக் கொல்லையில் கொத்தவரங்காய் மட்டுமே மிஞ்சியிருந்தது.