விஸ்கான்சின் 2018: வாக்கரா, எவர்ஸா?

அமெரிக்க மாநிலமான விஸ்கான்சினில் ஆளுநர் நியமனப் பதவி இல்லை, மக்கள் ஓட்டுப் போட்டு வருபவர். 2018 ஆளுநர் தேர்தலில் மூன்றாவது முறை பதவி கேட்டவர் குடியரசுக் கட்சியின் ஸ்காட் வாக்கர். எதிரே, மாநிலப் பள்ளிக்கல்வித் தலைவராக இருந்த ஜனநாயகக் கட்சியின் டோனி எவர்ஸ். இரண்டு மனதாக இருந்தவர்கள் நிறைய.

வேலை: தைவான் மின்னணு நிறுவனமான ஃபாக்ஸ்கானின் ஆலைக்குச் சுமார் 300 கோடி டாலர் சலுகை, 13,000 வேலை என்றார் வாக்கர். எவர்ஸ் அந்தப் பேரத்தையே குறை சொன்னார்.

பள்ளி: 2011-ல் ஆசிரியர் சங்கங்களின் பேரம் பேசும் உரிமையைப் பெருமளவு வெட்டியவர் வாக்கர். எவர்ஸோ பழைய ஆசிரியர். இதில் எவர்ஸ் கைதான் ஓங்கியிருந்தது என்பேன்.

சாலை: பெட்ரோல் வரியை ஏற்ற வாக்கருக்கு மனமில்லை, எவர்ஸ் அந்தக் கதவைத் திறந்தே வைத்தார். சாலைப் பள்ளங்களுக்கு வாக்கரின் எதிர்ப்பாளர்கள் வைத்த பெயரே 'ஸ்காட் குழி'!

மருத்துவம்: மெடிகெய்ட் எனும், ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டின் விரிவாக்கம் வாக்கருக்கு வேண்டாம், எவர்ஸுக்கு வேண்டும்.

சரி, வரி ஏறக் கூடாது என்பவருக்கு வாக்கர். பள்ளியும் மருத்துவமும் முக்கியம் என்றால் எவர்ஸ்.

வென்றது எவர்ஸ், 1.1 சதவீத வித்தியாசத்தில். வித்தியாசம் 1 சதவீதத்தைத் தாண்டினால் மறு எண்ணிக்கை கேட்க முடியாது என்ற சட்டத்தில் கையெழுத்திட்டவர் வாக்கரேதான்.