கேரவன் கட்டித் தருகிறோம் என்று அட்வான்ஸ் கேட்கிறார்களா? முதலில் இதைப் படியுங்கள்

படுக்கை, அடுப்பு, கழிப்பறையோடு குடும்பம் ஊர் சுற்ற ஒரு கேரவன் வேண்டும் என்று விசாரிக்கிறவர்களைச் சில பட்டறைகள் ஒரே மாதிரிதான் ஏமாற்றுகின்றன. விளம்பரத்தில் ‘ரெடி கேரவன்’ என்றிருக்கும். நேரில் போனால் பேச்சு மாறும்: “வேனை ஷோரூம்ல உங்க பேர்லயே எடுத்துடுங்க சார். ரிஜிஸ்ட்ரேஷன் முடிஞ்சதும் எங்ககிட்ட விடுங்க, உள்வேலை எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்.” லோன் சுலபமாகக் கிடைக்கும் என்று காரணமும் சொல்வார்கள்.

உண்மைக் காரணம் வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தின்போது சேர்த்த 182ஏ பிரிவைப் பாருங்கள். விதிக்குப் பொருந்தாத வண்டியைத் தயாரிப்பாளரோ டீலரோ விற்றால், மாற்றினால், ஓராண்டு வரை சிறை அல்லது வண்டிக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதே பிரிவின் 4ஆம் உட்பிரிவு உரிமையாளருக்கானது: அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வண்டி உங்கள் பெயரில் பதிவான பிறகு வேலை நடந்தால் பட்டறைக்காரர் தன்னைத் தயாரிப்பாளர் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். “ஓனர் சொன்னார், செய்தோம்” என்று ஒதுங்கிக்கொள்வார். பில்லிலும் ‘கேரவன்’ என்ற சொல் இருக்காது, ‘இன்டீரியர் வேலை’ என்றுதான் போட்டிருப்பார்கள்.

வினை அப்புறம்தான் தெரியும். ஆர்.சி.யில் 13 இருக்கை, உள்ளே இரண்டு கட்டில், நான்கு இருக்கை. ஆர்.சி. விவரமும் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதும் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 52ஆம் பிரிவு. சோதனையில் நிறுத்தினாலும், விற்கப் போனாலும் இது முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். பாலிசி எடுக்கும்போது மாற்றத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால், தீ விபத்துக் கிளைமை மறுக்க இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு நாமே காரணத்தை எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

முறையான கேரவனுக்கு ஏஐஎஸ்-124 என்று தனித் தரநிலையே இருக்கிறது. இருக்கையும் மேசையும், படுக்கை, சமையல் வசதி, பொருள் வைக்க இடம் ஆகிய நான்கும் இருந்தால்தான் அது மோட்டார் கேரவன். புனேயில் உள்ள ஏஆர்ஏஐ, மானேசரில் உள்ள ஐகேட், ஓரகடத்தில் உள்ள ஜிஏஆர்சி போன்ற சோதனை நிறுவனங்கள் மாடலைச் சோதித்துச் சான்றிதழ் தருகின்றன. அதன் நகலை அட்வான்ஸுக்கு முன்பே கேளுங்கள். காட்டினாலும் அவசரப்பட்டு நம்பிவிடாதீர்கள். வேறொரு வேனுக்கு வாங்கிய சான்றிதழைக் காட்டுகிறவர்களும் உண்டு. சான்றிதழில் உள்ள மாடல், வேரியன்ட், வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) மூன்றும் உங்கள் கோட்டேஷனோடு பொருந்த வேண்டும். ஆர்.சி.யில் வாகன வகை ‘மோட்டார் கேரவன்’ அல்லது ‘கேம்பர் வேன்’ என்று வரும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

எடை விஷயத்தை யாருமே பேசுவதில்லை. 18 எம்எம் பிளைவுட் எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றே முப்பது கிலோவுக்கு மேல். 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி ஐம்பதைத் தாண்டும். 100 லிட்டர் தண்ணீர் தொட்டி நிரம்பினால் 100 கிலோ. தொட்டியும் பேட்டரியும் பின் சக்கரத்துக்குப் பின்னால் போனால் பாரம் முழுக்கப் பின் அச்சில் இறங்கும், முன்புறம் லேசாகி ஸ்டியரிங் பிடி தளரும், பின் டயர் சூடேறி வெடிக்கவும் கூடும். டெலிவரி எடுக்கும் அன்று தொட்டியை நிரப்பி எடைமேடைக்குப் போங்கள். முன் அச்சு, பின் அச்சு, மொத்தம் என மூன்று சீட்டு வாங்குங்கள். மொத்த எடையோடு ஆட்களின் எடையையும் கூட்டினால், ஆர்.சி.யில் உள்ள மொத்த எடைக்குள் நிற்க வேண்டும்.

கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். சிலிண்டர் அறையின் அடியில் வெளியே திறக்கும் துளை இல்லாத வண்டியை எடுக்காதீர்கள். மேலே மட்டும் ஜன்னல் வைத்துவிட்டு “காத்து வரும் சார்” என்பது உயிரோடு விளையாடுவது.

பழைய கேரவன் வாங்கினால், 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி டீலருக்கும் பதிவு அலுவலகத்தின் அங்கீகாரம் வேண்டும். அந்த அங்கீகாரச் சான்றான படிவம் 29பி இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டி மாட்டிக்கொண்டவர்கள் விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு, வங்கிப் பரிமாற்றம் எல்லாவற்றையும் இன்றே பிரதி எடுத்து வையுங்கள். ‘கேரவன்’ என்று அவர்கள் எழுதிய ஒவ்வொரு வரியும் சாட்சி. முதலில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 எண்ணில் புகார், பிறகு பதிவுத் தபாலில் நோட்டீஸ். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 20 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரையிலான தொகைக்கு மனுக் கட்டணம் 1,000 ரூபாய்தான். பட்டறை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கெடு இரண்டு ஆண்டு. “அடுத்த மாசம் சரி பண்ணித் தர்றோம்” என்று இழுப்பது அந்தக் கெடுவைத் தாண்ட வைக்கத்தான்.