அரம் வேண்டுமா, வேண்டாமா? கைத்துப்பாக்கியின் சேஃப்டியை வீட்டில் மாற்றுவது பற்றி

கைத்துப்பாக்கி தவறுதலாகச் சுடாமல் தடுக்கும் சேஃப்டி பாகத்தை நாமே மாற்றுவதா, தொழில் தெரிந்தவரிடம் கொடுப்பதா என்ற கேள்விக்குப் பலரும் கூலிக் கணக்கைப் பார்த்தே விடை தேடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது அதை அல்ல. புதுப் பாகம் அப்படியே உட்காருமா, அரத்தால் ராவித்தான் உட்கார வைக்க வேண்டுமா? மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

அப்படியே உட்காரும் முதல் வகைக்கு கிளாக் கைத்துப்பாக்கி நல்ல எடுத்துக்காட்டு. 1982-இல் உருவான இந்த வடிவமைப்பில் கட்டைவிரலால் தள்ளும் நெம்புகோல் கிடையாது. சுட அழுத்தும் விசையில் ஒரு சிறு நாக்கு, ஸ்லைடு என்ற மேல்பாகத்துக்குள், தோட்டாவைத் தட்டி வெடிக்கச் செய்யும் ஊசியைத் தடுக்கும் முளை, கீழே விழுந்தாலும் சுடாதபடி விசைத் தண்டைத் தாங்கும் அமைப்பு என மூன்றும் உள்ளேயே இருக்கின்றன. ஒரே மாதிரிக்கான தொழிற்சாலைப் பாகம் என்றால் ராவ வேண்டியதே இல்லை. முளையும் அதன் வில்சுருளும் தேய்ந்துபோனால், பிரித்துப் பூட்டப் பழகியவர் வீட்டிலேயே மாற்றலாம். வெவ்வேறு நிறுவனங்களின் பாகங்களைக் கலந்து பூட்டத் தொடங்கும்போதுதான் இந்த நிம்மதி போய்விடுகிறது.

1911 என்ற கைத்துப்பாக்கி வேறு ரகம். இதன் சேஃப்டி நெம்புகோலின் உட்பக்கத்தில் ஒரு புடைப்பு உண்டு. சேஃப்டியை மேலே தள்ளும்போது, ஊசியை அடிக்கும் சுத்தியலைப் பிடித்து வைத்திருக்கும் சியர் என்ற கொக்கி அசையாதபடி அது முட்டுக்கொடுக்கிறது. புதிய நெம்புகோலில் இந்தப் புடைப்பு பெரும்பாலும் வேண்டுமென்றே சற்றுப் பெரிதாக விடப்பட்டிருக்கும். குறைவாக ராவினால் நெம்புகோல் மேலே ஏறாது, அதனால் ஆபத்தில்லை. கூடுதலாக ராவிவிட்டால் அழகாக ஏறும், ‘டக்’ என்று பூட்டியும் கொள்ளும், ஆனால் சியரைப் பிடிக்காது. கெட்டுப்போனது வெளியே தெரியாது என்பதே இதில் என்னை அச்சுறுத்துவது. நான் அவசரப்பட்டு ராவிய முதல் நெம்புகோல் இப்போது மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

1911-இன் நெம்புகோலை யார் பூட்டினாலும் சோதனை ஒன்றுதான். தோட்டாக்களை வைக்கும் மேகசினைக் கழற்றி, துப்பாக்கியின் தோட்டா அறை காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ள வேண்டும். நீங்கள் வேலை செய்யும் அறையிலேயே தோட்டாக்கள் இருக்கக் கூடாது. சுத்தியலை ஏற்றி, சேஃப்டியைப் போட்டு, விசையை அழுத்திவிட்டு விடவும். பிறகு சேஃப்டியை எடுக்கும்போது சுத்தியல் விழக் கூடாது. விழாவிட்டாலும் சோதனை முடியவில்லை. சுத்தியலைக் கட்டைவிரலால் இன்னும் சற்றுப் பின்னே இழுத்துக் காது கொடுங்கள். மெல்லிய ‘டிக்’ ஒலி கேட்டால், சியர் தன் இடத்திலிருந்து நகர்ந்திருந்தது என்று பொருள். அந்த நெம்புகோலைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ‘ராவத் தேவையில்லை’ என்ற அட்டைப்பெட்டி வாசகத்தையும் 1911 விஷயத்தில் நம்பாதீர்கள். பல நிறுவனங்கள் செய்யும் துப்பாக்கி இது. அளவுகள் ஒன்றுபோல் இருப்பதில்லை.

துப்பாக்கி கீழே விழும்போது ஊசி தானே முன்னே பாயாமலிருக்கவும் 1911 ரகத்தில் இரண்டு வழிகள் உண்டு. கோல்ட் நிறுவனம் 1980-களில் கொண்டுவந்த ‘சீரிஸ் 80’, விசையை அழுத்தும்வரை ஊசியைத் தடுத்தே வைக்கிறது. விசை கனக்கிறது என்று அதைக் கழற்றி எறிகிறவர்கள் உண்டு; எனக்கு அதில் உடன்பாடில்லை. மற்றொன்று, எடை குறைந்த டைட்டானியம் ஊசியும் வலுவான வில்சுருளும். பூட்டுவது எளிது, ஆனால் இது ஊசி பாயும் வலுவைத்தான் குறைக்கிறது, வழியை அடைப்பதில்லை. சீரிஸ் 80-இன் சிறு நெம்புகள் சரியான நேரத்தில் ஊசியைத் தடுக்கும் முளையைத் தூக்கியாக வேண்டும். தவறினால் ஊசி அதில் உரசும். ஆகவே டைட்டானியம் ஊசி வீட்டில், சீரிஸ் 80 கைதேர்ந்தவரிடம் என்பது என் தேர்வு.

மூன்றாவது ரகத்தில் விவாதத்துக்கே இடமில்லை. ரூகர் நிறுவனத்தின் பழைய சிங்கிள் ஆக்ஷன் (ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கையால் ஏற்றிச் சுடும்) ரிவால்வர்களில் சுத்தியல் ஊசி மீதே படிந்திருக்கும்; அதற்கு நேரே உள்ள அறையில் தோட்டா இருக்கும்போது துப்பாக்கி கீழே விழுந்தால் வெடிக்கலாம். 1973-இல் வந்த புதிய மாதிரிகளில் விசையை அழுத்தும்போது மட்டும் சுத்தியலின் அடியை ஊசிக்குக் கடத்தும் தண்டு ஒன்றை இடையே வைத்து இதைத் தீர்த்தார்கள். பழைய துப்பாக்கிகளுக்கான மாற்றுப் பாகங்களை அந்நிறுவனம் வீட்டில் பூட்டிக்கொள்ளக் கொடுப்பதில்லை. துப்பாக்கியை அனுப்பினால் இலவசமாகப் பூட்டி, கழற்றிய பழைய பாகங்களையும் உடன் திருப்பி அனுப்புகிறது.