கிரேட் ஓஷன் ரோடா, கலிஃபோர்னியா ஹைவே 1-ஆ: விமானத் தாமதத்தைத் தாங்கும் கடலோரப் பயணம் எது?

வெளிநாட்டில் கடலோரமாகக் காரோட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஒரு தம்பதி தீர்மானித்துவிட்டால், தேடித் தேடிக் கடைசியில் அநேகமாக இரண்டு சாலைகள் மிஞ்சும். ஒன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் உள்ள கிரேட் ஓஷன் ரோடு. மற்றொன்று அமெரிக்காவின் கலிஃபோர்னியா ஹைவே 1, அதிலும் கார்மலுக்கும் சான் சிமியோனுக்கும் நடுவில் மலை நேராகக் கடலுக்குள் இறங்கும் பிக் சர் பகுதி. இரண்டிலும் நானும் என் கணவரும் மாறி மாறி ஓட்டியிருக்கிறோம். எது அழகு என்று கேட்டால் தயங்காமல் பிக் சர் என்பேன். எதற்கு டிக்கெட் எடுக்கலாம் என்று கேட்டால் என் பதில் வேறு.

சென்னையிலிருந்து கிளம்புகிறவர்கள் மெல்பர்னுக்கானாலும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கானாலும் வழியில் ஓரிடத்தில் விமானம் மாறியே ஆக வேண்டும். திட்டங்கள் குலைவது பெரும்பாலும் அந்த மாறும் இடத்தில்தான். காட்சிகளை ஒப்பிடும் கட்டுரைகள் ஏராளமாக இருக்கின்றன. விமானம் ஒரு நாள் தாமதமானால் மிச்சப் பயணம் என்ன ஆகும் என்ற கேள்வியை வைத்து ஒப்பிடுவதுதான், விடுப்பை எண்ணி எண்ணி எடுக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு உதவும்.

இறங்கும் விமான நிலையங்கள்

மெல்பர்ன் விமான நிலையத்துக்கு இரவு ஊரடங்கு இல்லை. எந்த நேரமும் விமானம் இறங்கலாம். சிட்னியில் இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரை கட்டுப்பாடு உண்டு. ஆகவே சிட்னியில் இறங்கி உள்நாட்டு விமானத்தில் மெல்பர்ன் போவதாகத் திட்டமிட்டு, மாலையில் ஒரு தாமதம் குறுக்கிட்டால், அன்றிரவு எங்கே படுப்பது என்பதே கேள்வியாகிவிடும். சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாக நேரே மெல்பர்னில் இறங்குவது நல்லது. ஏறத்தாழ நான்கரை மணி நேரம் சிங்கப்பூர் வரை, அங்கிருந்து ஏழரை மணி நேரம். முதல் விமானம் பிந்தினாலும், அந்தத் தடத்தில் ஒரு நாளைக்குப் பல விமானங்கள் பறப்பதால் அடுத்ததில் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

சான் ஃபிரான்சிஸ்கோவின் சிக்கல் வேறு மாதிரியானது. அங்கே விமானங்கள் இறங்கும் இணை ஓடுபாதைகள் இரண்டுக்கும் இடையே 750 அடிதான், அதாவது சுமார் 229 மீட்டர். வானம் தெளிவாக இருக்கும்போது இரண்டு விமானங்கள் பக்கத்துப் பக்கத்தில் இறங்குவதுதான் பல ஆண்டுகளாக இருந்த வழக்கம். கோடைக் காலையில் கடலிலிருந்து தாழ்ந்த மேகம் வந்து மூடிக்கொண்டால் அப்படி இறக்க முடியாது. ஒரு மணி நேரத்தில் இறங்கும் விமானங்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிடும். அப்போது கடல் கடந்து வரும் நெடுந்தூர விமானங்களை அனேகமாகத் தடுத்து வைப்பதில்லை. லாஸ் ஏஞ்சலஸ், சியாட்டில் போன்ற பக்கத்து ஊர்களிலிருந்து வரும் சிறு விமானங்களைத்தான் கிளம்பிய இடத்திலேயே நிறுத்தி வைப்பார்கள். எனவே அமெரிக்காவுக்குள் இன்னொரு விமானம் மாறாமல், துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்தோ நேரே சான் ஃபிரான்சிஸ்கோவில் இறங்குகிற டிக்கெட்டைப் பாருங்கள். அமெரிக்காவில் முதலில் தொடும் விமான நிலையத்திலேயே குடிவரவுச் சோதனையை முடித்து, பெட்டிகளை எடுத்து மறுபடியும் ஒப்படைக்க வேண்டும் என்பதும் இதற்கு இன்னொரு காரணம்.

எந்தச் சாலையைத் தேர்ந்தாலும் ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பேன். சென்னை முதல் சேருமிடம் வரை ஒரே முன்பதிவில் டிக்கெட் இருக்க வேண்டும். சென்னை–சிங்கப்பூர் தனியாக, சிங்கப்பூர்–மெல்பர்ன் தனியாக மலிவு விலையில் வாங்கினால் சில ஆயிரம் ரூபாய் மிஞ்சும் என்பது உண்மைதான். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால், இரண்டாவது நிறுவனத்துக்கு உங்களிடம் எந்தக் கடமையும் கிடையாது. ஒரே முன்பதிவாக இருந்தால் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. ஒருமுறை இடைவழியில் இரவு முழுக்க நாங்கள் காத்திருந்தபோது, ஒரே முன்பதிவில் வந்திருந்த எங்களுக்கு மறுநாள் காலை விமானத்தில் இடம் தந்தார்கள். அதே வரிசையில் நின்ற ஓர் இளம் ஜோடி தனித்தனி டிக்கெட் வைத்திருந்தது. அந்தப் பெண் அழுதுகொண்டே புது டிக்கெட் விலையைத் தேடிக்கொண்டிருந்ததைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

இழப்பீடு என்று பார்த்தால் ஐரோப்பிய வழிக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, ஃபிராங்க்ஃபர்ட் போன்ற நகரத்திலிருந்து புறப்படும் 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில், சேருமிடத்தை நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமாக அடைந்தால் ஆளுக்கு 600 யூரோ கேட்கலாம். மூன்று முதல் நான்கு மணி நேரத் தாமதத்துக்கு அதைப் பாதியாகக் குறைக்கலாம். புயல் போன்ற அசாதாரணக் காரணங்களுக்கு இது பொருந்தாது. ஆஸ்திரேலியாவில் இப்படி நிலையான தொகை எதுவும் இல்லை. அமெரிக்காவிலும் தாமதத்துக்கு இழப்பீடு இல்லை. ஆனால் 2024-இல் வந்த விதிப்படி, பன்னாட்டு விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் பிந்தி, நீங்கள் பயணத்தைக் கைவிட்டால் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். பயணத்தைக் கைவிட்டு வீட்டுக்குத் திரும்ப நினைப்பவர் யார்? அதனால் இந்தச் சட்டங்களை நம்பித் திட்டம் போடாமல், காப்பீட்டில் தாமதத்துக்கும் தவறிய இணைப்பு விமானத்துக்கும் எவ்வளவு தருவார்கள் என்று படித்துப் பார்த்து வாங்குவதே மேல்.

தூக்கமும் ஸ்டீயரிங்கும்

மெல்பர்னுக்கும் நமக்கும் நேர வித்தியாசம் நான்கரை மணி. அவர்களுடைய கோடையில் ஐந்தரை. சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் பதின்மூன்றரை. மெல்பர்னில் காலை ஆறு மணிக்கு இறங்கினால் உடலுக்கு நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. சான் ஃபிரான்சிஸ்கோவில் பிற்பகல் இரண்டு என்றால் உடலுக்குப் பின்னிரவு இரண்டரை. இறங்கிய அன்றைக்கே கார் எடுக்கக் கூடாது என்பது இரண்டுக்கும் பொதுவான விதி. ஆனால் ஆஸ்திரேலியாவில் இரண்டு இரவு நன்றாகத் தூங்கினால் தேறிவிடலாம். கலிஃபோர்னியாவில் ஒரு வாரம் ஆனாலும் மதியம் கண் சொருகும். அதல பாதாளத்தின் விளிம்பில் வளைந்து போகும் சாலையில் அந்தக் கண் சொருகலை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். தாமதத்தில் ஒரு நாளை இழந்தவர்கள் அதை ஈடுகட்ட முதலில் வெட்டுவது இந்த ஓய்வு நாளைத்தான். கலிஃபோர்னியாவில் அப்படி வெட்டவே கூடாது.

இதோடு சேர்ந்து வருவது எந்தப் பக்கம் ஓட்டுவது என்பது. ஆஸ்திரேலியாவில் நம்மைப் போலவே இடது பக்கம், ஸ்டீயரிங் வலப்பக்கம். அமெரிக்காவில் எல்லாம் தலைகீழ். நெரிசலான நகரத்தில் முன்னால் போகும் காரைப் பின்பற்றியாவது சமாளித்துவிடலாம். கடலைப் பார்க்க ஓரமாக நிறுத்திவிட்டு, ஆளில்லாத சாலையில் மறுபடி ஏறும் நேரம்தான் ஆபத்து. கை பழகிய பக்கத்துக்கே திருப்பும். எதிர்ப்பக்கத்தில் ஓட்டிப் பழகிய வெளிநாட்டவர்கள் இதே தவற்றைச் செய்வதால்தான், கிரேட் ஓஷன் ரோடில் இடது பக்கம் ஓட்டச் சொல்லும் பலகைகளும் அம்புக்குறிகளும் வைத்திருக்கிறார்கள். நமக்கு அங்கே அந்தக் கவலை இல்லை. கலிஃபோர்னியாவில் இன்னொரு விதியும் தெரிந்திருக்க வேண்டும்: இருவழிச் சாலையில் மெதுவாகப் போகும்போது பின்னால் ஐந்து வண்டிகளோ அதற்கு மேலோ சேர்ந்துவிட்டால், ஒதுங்கும் இடம் வந்ததும் ஒதுங்கி வழிவிட வேண்டும். புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு இது ஒரு வரம். கூச்சப்படாமல் ஒதுங்குங்கள்.

திசை முக்கியம். கிரேட் ஓஷன் ரோடில், சாலை தொடங்கும் டார்க்கி ஊரிலிருந்து மேற்கே போனால் கடல் இடப்பக்கம். கார் கடலை ஒட்டியே போகும். ஹைவே 1-இல் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து தெற்கே போனால் கடல் வலப்பக்கம், அங்கேயும் அப்படியே. இரண்டிலும் கடல் பக்கத்து ஜன்னல் கிடைப்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான். ஓட்டுபவர் பார்ப்பதெல்லாம் பாறையும் வளைவும். ஆகவே இருவரும் ஓட்டுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள், கிளம்புமுன் ஆர்டிஓ அலுவலகத்தில் இருவருக்கும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடுங்கள். கணவர்தான் ஓட்டுவார், மனைவி வழி சொல்வார் என்ற பழைய ஏற்பாட்டில் ஒருவர் களைத்துப்போகிறார், இன்னொருவர் வெறும் பயணியாகிவிடுகிறார். கார் முன்பதிவில் விமான எண்ணையும் குறிப்பிட மறக்க வேண்டாம். தாமதம் என்று அவர்களுக்குத் தெரியாவிட்டால், வரவில்லை என்று குறித்துக்கொண்டு காரை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

சாலையே மூடிவிட்டால்

இங்கேதான் என் தீர்ப்பு உறுதியாகிறது. பிக் சர் மலைகள் நிலையாக நிற்பதில்லை. 2017 பிப்ரவரியில் ஃபைஃபர் கேன்யன் பாலம் பழுதாகி மூடப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் மட் கிரீக் என்ற இடத்தில் மலைச்சரிவே சாலையின் மேல் விழுந்து, திரும்பத் திறக்க 2018 ஜூலை ஆனது. 2021 ஜனவரியில் ராட் கிரீக்கில் சாலையின் ஒரு துண்டு கடலுக்குள் போனது. 2023, 2024 ஆண்டுகளிலும் சரிவுகள் தொடர்ந்தன. 2025 முழுவதும் கார்மலிலிருந்து சான் சிமியோன் வரை ஒரே ஓட்டமாகப் போக முடியவில்லை. வழி மூடியிருந்தால் உள்நாட்டுப் பக்கம் உள்ள 101-ஆம் எண் நெடுஞ்சாலையில் சாலினஸ், பாசோ ரோபிள்ஸ் வழியாகச் சுற்ற வேண்டும். நடுவில் குறுக்கே இறங்க நல்ல வழி இல்லை. பெட்ரோல் பங்குகள் குறைவு, விலையும் அதிகம். பல மைல்களுக்குக் கைப்பேசித் தொடர்பே இருக்காது. தங்கும் இடங்களும் சொற்பம். ஒரு நாள் பிந்தினால் வேறு தேதிக்கு மாற்றித் தரும் அளவுக்கு அறைகள் இருப்பதில்லை.

கிரேட் ஓஷன் ரோடுக்கும் இடர் உண்டு. 2015 கிறிஸ்துமஸ் நாளில் வை ரிவர், செபரேஷன் கிரீக் ஊர்களில் காட்டுத்தீ நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தது, சாலையும் மூடப்பட்டது. டிசம்பர், ஜனவரியில் போகிறவர்கள் தீ எச்சரிக்கையைத் தினமும் பார்க்க வேண்டும். ஆனாலும் இந்தச் சாலையின் அமைப்பு வேறு. டார்க்கியிலிருந்து அல்லன்ஸ்ஃபோர்டு வரை மொத்தம் 243 கிலோமீட்டர். லோர்னிலிருந்தும் அப்போலோ பேயிலிருந்தும் போர்ட் கேம்பெல்லிலிருந்தும் உள்நாட்டுக்கு ஏற வழிகள் இருக்கின்றன. உள்ளே இணையாகப் பிரின்சஸ் ஹைவே ஓடுகிறது. நான்கு நாள் திட்டம் விமானத் தாமதத்தால் இரண்டு நாளானால், உள்நாட்டு ஊரான கோலாக் வழியாக மூன்று மணி நேரத்தில், கடலில் தூண்களாக நிற்கும் பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைகளுக்கு நேரே போய்விட்டு, கரையோரமாக மெல்பர்னுக்குத் திரும்பலாம். கடல் அப்போது எதிர்ப்பக்கம் இருக்கும், அவ்வளவுதான். பயணம் சுருங்குமே தவிர முறியாது.

அழகைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். இரண்டு சாலைகளும் ஏறக்குறைய ஒரே காலத்தவை. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் 1919 முதல் 1932 வரை கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு வெட்டியது ஆஸ்திரேலியச் சாலை. மடிந்த தோழர்களின் நினைவுச்சின்னமாகவே அதை அமைத்தார்கள். பிக் சர் சாலையில் சான் குவென்டின் சிறைக் கைதிகளின் உழைப்பு இருக்கிறது. பிக்ஸ்பி பாலம் 1932-இல் முடிந்தது, சாலை 1937-இல் திறந்தது. விக்டோரியாவின் சுண்ணாம்புப் பாறைத் தூண்களைக் கடல் அரித்துக்கொண்டே இருக்கிறது. 1990 ஜனவரியில் லண்டன் பிரிட்ஜ் என்ற பாறை வளைவு இடிந்து, இருவர் அதன் முனையில் சிக்கி ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டார்கள். 2005 ஜூலையில் அப்போஸ்தலர் பாறைகளில் ஒன்று சரிந்தது. கென்னட் ரிவரில் யூகலிப்டஸ் கிளையில் கோலா விலங்குகள் உறங்கும். பிக் சரில் பியத்ராஸ் பிளாங்கஸ் கரையில் யானைக் கடல்நாய்கள் கூட்டமாகக் கிடக்கும். மெக்வே அருவி மணலில் விழும். மாலையில் சூரியன் நேரே கடலுக்குள் இறங்கும். மெரினாவில் கடலிலிருந்து எழும் சூரியனையே பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த மேற்குக் கரையின் மாலைகள் மறக்காது. இந்த ஒரு கட்டத்தில் கலிஃபோர்னியாதான் மேல். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மூன்றாவதாகத் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் கரையையும் சிலர் சொல்வார்கள். அங்கேயும் இடப்பக்க ஓட்டம்தான். சாப்மன்ஸ் பீக் சாலை 114 வளைவுகளுடன் அற்புதமாக இருக்கும். ஆனால் அது 9 கிலோமீட்டர்தான். பாறை விழும் அபாயத்தால் மழை நாளில் மூடிவிடுவார்கள். அதை மட்டும் நம்பி நீண்ட பயணம் போட முடியாது.

இரண்டு வாரத்துக்குள் போய்த் திரும்ப வேண்டிய, வேலையில் இருக்கும் தம்பதிக்கு நான் கிரேட் ஓஷன் ரோடைத்தான் சொல்வேன். நம் கோடை விடுமுறையான ஏப்ரல், மே அங்கே இலையுதிர்காலம். ஈஸ்டர் விடுமுறை நாட்களை மட்டும் தவிர்த்தால் கூட்டம் குறைவு. ஊறுகாய், பொடி, விதை எது கொண்டுபோனாலும் வருகை அட்டையில் எழுதிக் காட்டுங்கள். மறைத்தால் அபராதம் கடுமை. அந்தி சாயும் நேரத்தில் கங்காரு குறுக்கே பாயும், அதற்குள் தங்குமிடம் சேருங்கள்.

சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அருகில் சான் ஹோசேயிலோ ஃபிரீமான்ட்டிலோ மகனோ மகளோ இருந்து, மாதக்கணக்கில் தங்கப் போகும் பெற்றோருக்கு நிலைமை வேறு. விமானம் இரண்டு நாள் பிந்தினாலும் அவர்களுக்கு எதுவும் கெடாது. தூக்கம் சீரான பிறகு, சாலை திறந்திருக்கிறதா என்று மாநிலப் போக்குவரத்துத் துறையின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு, மூடுபனி விலகியிருக்கும் செப்டம்பர், அக்டோபரில் ஒரு வாரநாளில் கிளம்பலாம். கார்மலில் டாங்கை நிரப்பிக்கொண்டு, வரைபடத்தைக் கைப்பேசியில் இறக்கிவைத்துக்கொண்டு, வீட்டிலிருந்தே புளியோதரை கட்டிக்கொண்டு போகட்டும். வழி பாதியில் மூடியிருந்தால் பிக்ஸ்பி பாலம் தாண்டிப் போக முடிந்தவரை போய்விட்டுத் திரும்பினால் போதும்; மிச்சத்தை இன்னொரு வாரம் சான் சிமியோன் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.