மஸ்கெலியாவில் ஒரு பழைய லேப்டாப், உள்ளே ஒரு ஹால் த்ரஸ்டர்: மூன்று வருட அனுபவம்

2022 தொடக்கத்தில் ஹட்டனில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. 8 ஜிபி ரேம். பேட்டரி அரை மணி நேரம்கூடத் தாங்காது. செயற்கைக்கோள்களைத் தள்ளும் ஹால் த்ரஸ்டருக்குள் பிளாஸ்மா, அதாவது எலக்ட்ரான்களும் அயனிகளுமாகப் பிரிந்த வாயு, எப்படி நடந்துகொள்கிறது என்று கணக்கிட, பைத்தானில் நானே எழுதிய நிரலைத்தான் இதில் ஓட்டுகிறேன்.

த்ரஸ்டர் என்பது வளைய வடிவக் குழாய். உள்ளே செனான் வாயு, சுமார் 300 வோல்ட். குறுக்கே நிற்கும் காந்தப்புலம் எலக்ட்ரான்களைச் சுற்றவிட்டுப் பிடித்துவைக்கும். அவை வாயுவை அயனாக்கும். கனமான அயனிகள் காந்தத்தைச் சட்டை செய்யாமல் வெளியே பாயும். எஸ்பிடி-100 என்ற ஹால் த்ரஸ்டரின் தள்ளுவிசை சுமார் 83 மில்லிநியூட்டன். எட்டு கிராம் தேயிலைத்தூளை உள்ளங்கையில் வைத்தால் எவ்வளவு அழுத்துமோ, அவ்வளவுதான்.

முதல் ஆறு மாதம் என் எலக்ட்ரான்கள் தானாகவே சூடேறின. ஏதோ கண்டுபிடித்துவிட்டேன் என்றே நினைத்தேன்! பார்த்தால், கணக்குக்காகக் குழாயைச் சின்னச் சின்னதாகப் பிரித்த கட்டம் பெரிசு. பிளாஸ்மாவில் ஒரு மின்னூட்டத்தின் தாக்கம் எட்டும் தூரம்தான் டிபை நீளம்; இந்தப் பிளாஸ்மாவில் அது 0.03 மில்லிமீட்டர் அளவு. கட்டம் அதைவிட ரொம்பப் பெரிதானால் கணக்கே பொய்ச்சூடு ஏற்றும். சரி, கட்டத்தைச் சிறிதாக்கினேன். நேரப்படியும், அதாவது ஒரு கணக்குக்கும் அடுத்ததுக்கும் உள்ள இடைவெளியும், சில பிகோ செகண்டாகச் (செகண்டில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) சுருங்கியது. த்ரஸ்டரின் மின்னோட்டம் 20 கிலோஹெர்ட்ஸ் அளவில் மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்கும். அதில் ஒரு மூச்சைப் பார்க்க ஒரு கோடிக்கு மேல் படிகள், ஒன்றரை நாள் ஓட்டம். "விடிய விடிய ஓடுதே தம்பி, கரண்ட் பில்லை யாரு கட்டுறது?" என்பார் அம்மா.

கரண்ட் இருந்தால்தானே பில். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் 13 மணி நேர மின்வெட்டு வந்தபோதுதான், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிலையைச் சேமிக்க நிரலுக்குச் சொல்லிக்கொடுத்தேன். குளிரில் விசிறி அலறுவதில்லை. ஆனால் பனிமூட்டத்தின் ஈரத்தில் கீபோர்டில் மூன்று எழுத்துகள் போய்விட்டன.

என் உண்மையான குறை வேகம் இல்லை. வாயு அணுக்களுடனான மோதல்களை மட்டும் கணக்கில் எடுத்தால், காந்தப்புலத்தைக் கடந்து ஆனோடுக்கு (நேர்மின்வாய்) போகும் எலக்ட்ரான்கள் மிகக் குறைவு. நிஜ த்ரஸ்டரில் ஏராளமாகக் கசிகின்றன. கசிகிற அளவுக்கு மின்சாரம் வீண். நீளவாட்டில் மட்டும் ஓடும் என் நிரலில் அந்தக் கசிவுக்கு ஓர் எண்ணை நானே போட வேண்டும். விடையைக் காதில் ஓதிவிட்டு, பையன் சரியாகச் சொன்னான் என்று மெச்சுவதுபோல. பெரிய ஆய்வுக்கூடங்களிலும் இது முழுசாகத் தீர்ந்த கணக்கு இல்லை.

அப்புறம் வளையத்தைச் சுற்றிப் போகும் திசையில் ஐந்து மில்லிமீட்டர் துண்டை மட்டும் ஓட்டினேன். மில்லிமீட்டர் அளவு அலைகள் முளைத்து, எலக்ட்ரான்களை ஆனோடுப் பக்கம் உந்தின. அவசரப்பட்டு, டிபை நீளத்தைப் பெரிதாக்கிப் பெரிய கட்டத்திலேயே ஓட்ட, வெற்றிட மின்மாறிலியை நூறு மடங்கு கூட்டியும் பார்த்தேன். ஓட்டம் சீக்கிரம் முடிந்தது, அலைநீளமோ பல மடங்கு வீங்கிவிட்டது. அந்தக் கோப்பை அழித்தேன்.

இந்த வேலைக்குப் பழைய லேப்டாப் போதுமா என்றால், ஒருபரிமாணத்துக்குப் போதும். பேட்டரியை மட்டும் முதல் நாளே மாற்றிவிடுங்கள்.