எம்கேடைமா, டைம்ஜிஎம்மா, ஸோன்இன்ஃபோவா? ஒரு கல்யாண மண்டபம் சொன்ன தீர்ப்பு

பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு தேதியை டைம்ஸ்டாம்ப் எண்ணாக மாற்ற எம்கேடைம், டைம்ஜிஎம், ஸோன்இன்ஃபோ என்று மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. மூன்றையும் ஒரே புரோகிராமில், ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்த்தவன் நான். தெரிந்தவர் ஒருவரின் கல்யாண மண்டபத்துக்கு எழுதிக்கொடுத்த புக்கிங் புரோகிராம் அது. கடைசியில் ஸோன்இன்ஃபோவில் வந்து நின்றேன். அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டைம்ஸ்டாம்ப் என்பது 1970 ஜனவரி 1, யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவிலிருந்து ஓடிய விநாடிகளின் எண்ணிக்கை. ஒரு நாளுக்கு 86400. நம் நேரம் யூடிசிக்கு ஐந்தரை மணி நேரம் முன்னே, அதாவது 19800 விநாடி. இந்த இரண்டு எண்களும் அடிக்கடி வரும்.

எம்கேடைம் சி மொழியிலிருந்து வந்த பழைய ஆள். தேதியைக் கொடுத்தால், புரோகிராம் ஓடுகிற கணினி எந்த ஊர் நேரத்தில் இருக்கிறதோ அந்த ஊர் நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். எந்த ஊர் என்று சொல்லாத டேட்டைமில் (தேதியும் நேரமும் சேர்ந்த பைத்தான் மதிப்பு) டைம்ஸ்டாம்ப் கேட்டாலும் உள்ளே நடப்பது இதுதான். டைம்ஜிஎம் அப்படி இல்லை, எங்கே ஓடினாலும் யூடிசி என்றே கணக்குப் போடும். எம்கேடைம் டைம் மாட்யூலில் இருக்க, இது மட்டும் கேலண்டர் மாட்யூலில் கிடக்கிறது. சம்பந்தமில்லாத ஆனால் கைக்கு உதவும் ஃபங்ஷன் என்று பைத்தான் கையேடே ஒப்புக்கொள்கிறது. ஸோன்இன்ஃபோ 2020-இல் 3.9 பதிப்போடு வந்தது. 'ஏசியா/கொல்கத்தா' (இந்திய நேரத்துக்கு வைத்த பெயர்) என்று ஊரைச் சொல்லி டேட்டைம் உருவாக்கி, அதிலிருந்து எண் எடுக்க வேண்டும். ஒரு வரி கூடுதல், அவ்வளவுதான்.

மண்டபத்தில் முதலில் போட்டது எம்கேடைம். என் லேப்டாப்பிலேயே ஓடியதால் ஒரு தொந்தரவும் இல்லை. 2024 ஜனவரி 21, தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, 1705775400 என்று பதிவானது. பிறகு வாடகை சர்வர் ஒன்றுக்கு மாற்றினேன். சர்வரின் கடிகாரம் யூடிசியில் இருந்தது. அதைப் பார்க்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

இந்திய நள்ளிரவு என்பது யூடிசியில் முந்தைய நாள் மாலை 6:30. ஆகவே அதே 1705775400-ஐ சர்வர் திருப்பிப் படித்தபோது ஜனவரி 20 என்று காட்டியது. பழைய புக்கிங் எல்லாமே ஒரு நாள் பின்னால் போய்விட்டன. இவ்வளவு பெரிய தப்பு உடனே தெரிந்திருக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். தெரியவில்லை, ஏனென்றால் மண்டபத்தை முந்தைய நாள் மதியமே கைமாற்றிவிடுவார்கள். மேலாளர் திரையைப் பார்த்துவிட்டு, "தம்பி, சனிக்கிழமைன்னு காட்டுதே, சாவி குடுக்குற நாளைப் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். நானும் வேறு வேலையில் இருந்தவன், ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த பத்து நாளில் 21-ஆம் தேதி காலியாக இருக்கிறது என்று இன்னொரு வீட்டாரிடம் அட்வான்ஸ் பேசிவிட்டார்கள். ரசீது போடும் நேரத்தில் மேலாளருடைய பழைய கோடு போட்ட நோட்டில் அந்த நாளுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்ததால் தப்பித்தோம்.

சரிசெய்ய உட்கார்ந்தபோதுதான் இன்னொரு சிக்கல் தெரிந்தது. சர்வருக்கு மாறிய பிறகு பதிவானவை சரியாகவே காட்டின, பழையவை மட்டும் தப்பு. இரண்டும் ஒரே டேபிளில் கலந்து கிடந்தன. எது எங்கே பதிவானது என்று எழுதி வைக்கவும் இல்லை. அங்கே கணக்குதான் கைகொடுத்தது. ஒவ்வோர் எண்ணையும் 86400-ஆல் வகுத்து மீதியைப் பார்த்தேன். லேப்டாப்பில் பதிவானவற்றுக்கு மீதி 66600, அதாவது மாலை 6:30. சர்வரில் பதிவானவற்றுக்கு மீதி பூஜ்யம். 66600 வந்த வரிகளில் மட்டும் 19800-ஐக் கூட்டினேன், எல்லாம் நேராயின. இந்தியா முழுக்க ஒரே நேரம், கோடையில் கடிகாரத்தை மாற்றும் பழக்கமும் இல்லை என்பதால் ஒரே கூட்டலில் முடிந்தது. நியூயார்க்கில் மண்டபம் வைத்திருந்தால் இவ்வளவு சுலபமாக விட்டிருக்காது.

எம்கேடைமை நான் கழித்தது இதற்காகத்தான். விடை தப்பு என்பதற்காக அல்ல, அந்த விடையில் பாதி கணினியின் செட்டிங்கில் இருக்கிறது என்பதற்காக. சர்வரை மாற்றினால், புரோகிராமைத் தனியே அடைத்து ஓட்டும் டாக்கர் கன்டெய்னருக்குள் வைத்தால், வேறு யாராவது தன் கணினியில் ஓட்டினால், புரோகிராமில் ஓர் எழுத்தைக்கூடத் தொடாமலே எண் மாறிவிடும். எழுதும்போது மிச்சமான ஒரு வரிக்கு, பராமரிக்கும்போது வட்டியோடு கட்டவேண்டியிருக்கிறது.

டைம்ஜிஎம்முக்கு மாறினேன். வெறும் தேதிக்கு இது உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஜனவரி 21 என்றால் 1705795200. 86400-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 19743. இரண்டு தேதிகளுக்கு நடுவே எத்தனை நாள் என்பது வெறும் கழித்தல். (வெறும் தேதிதான் வேண்டுமென்றால் எதற்கு எண்ணாக்க வேண்டும், தேதியாகவே சேமிக்கலாமே என்றால், நியாயமான கேள்வி. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அப்படியே செய்யுங்கள். என் டேபிளில் முதல் நாளே எண் வந்து உட்கார்ந்துவிட்டது.)

ஆனால் சாவி கொடுக்கும் நேரம் பிற்பகல் 3 மணி, அதற்கு இரண்டு மணி நேரம் முன்பு எஸ்எம்எஸ் போகவேண்டும் என்று கேட்டார்கள். நம் ஊர் 3 மணியை டைம்ஜிஎம்மிடம் கொடுத்தால் அது யூடிசி 3 மணி என்று நம்பிக்கொள்ளும். யூடிசி 3 மணி நமக்கு இரவு 8:30. ஒரு மணிக்குப் போகவேண்டிய நினைவூட்டல் மாலை 6:30-க்குப் போனது, பந்தலும் சமையல் பாத்திரமும் உள்ளே வந்திறங்கிய பிறகு. ஒவ்வோர் இடத்திலும் 19800-ஐக் கழித்துக்கொள்ளலாம்தான். எங்கே கழித்தோம், எங்கே மறந்தோம் என்று ஆறு மாதம் கழித்து யாருக்கு நினைவிருக்கும்?

தவிர, 19800 என்பது இன்றைய கணக்கு. இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 1996 மே மாதம் யூடிசிக்கு ஆறரை மணி நேரம் முன்னே போனார்கள், அதே ஆண்டு அக்டோபரில் ஆறு மணி நேரம் என்று குறைத்தார்கள், 2006 ஏப்ரலில் பழைய ஐந்தரைக்கே திரும்பினார்கள். 2000-ஆம் ஆண்டின் ஒரு யாழ்ப்பாணத்து நேரத்தை 19800 வைத்து மாற்றினால் அரை மணி நேரம் உதைக்கும். சிங்கப்பூர் ஏழரையிலிருந்து எட்டுக்கு வந்தது 1982 தொடக்கத்தில். 'ஏசியா/கொழும்பு' என்று பெயரைச் சொன்னால் இந்த வரலாறு முழுவதும் கூடவே வரும்.

ஸோன்இன்ஃபோவுக்கும் வில்லங்கம் உண்டு. விண்டோஸில் நேர மண்டலத் தரவு கூடவே வராது, டிஇசட்டேட்டா என்ற பேக்கேஜைத் தனியாகப் போடவேண்டும். நேர மண்டலங்களுக்கான பழைய பைட்ஸ் (pytz) லைப்ரரியிலிருந்து மாறுபவர்கள் கவனிக்கவேண்டியது வேறு: பைட்ஸ் தரும் கொல்கத்தாவை நேராக டேட்டைமுக்குள் செருகினால் ஐந்தரைக்குப் பதில் 5 மணி 53 நிமிடம் வரும். அது கொல்கத்தாவின் பழைய உள்ளூர் நேரம். 23 நிமிட வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று ஒரு மாலை முழுக்கத் தேடியிருக்கிறேன். ஸோன்இன்ஃபோவில் அந்தக் கண்ணி இல்லை. வேகத்தில் எது முந்தும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. என் டேபிளில் இருந்தது நான்காயிரம் பதிவு, அதில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. கோடையில் கடிகாரம் மாற்றும் நாடுகளுக்கும் நான் எதுவும் எழுதிக்கொடுத்ததில்லை.

ஜாவாஸ்கிரிப்ட்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே '2024-01-21' என்று தேதி மட்டும் கொடுத்தால் யூடிசி, பின்னால் நேரத்தையும் ஒட்டினால் உள்ளூர் நேரம். எண்ணும் மில்லிவிநாடியில் வரும். பத்து இலக்கம் எதிர்பார்த்த இடத்தில் பதின்மூன்று இருந்தால் அதுதான் காரணம்.

இப்போதெல்லாம் எது எழுதினாலும் கணினியின் ஊர் நேரத்தைத் தீர்மானிக்கும் டிஇசட் என்ற சூழல் மாறியை யூடிசி, கொல்கத்தா, நியூயார்க் என்று மூன்று முறை மாற்றி ஓட்டிப் பார்க்கிறேன். அதே ஜனவரி 21-க்கு எம்கேடைம் முறையே 1705795200, 1705775400, 1705813200 என்று மூன்று பதில் சொல்கிறது. ஸோன்இன்ஃபோ மூன்று முறையும் 1705775400. மண்டபத்தின் டேபிளில் இப்போது நள்ளிரவே கிடையாது, சாவி கைமாறும் நேரம்தான் இருக்கிறது: 20-ஆம் தேதி பிற்பகல் 3 மணி, 1705743000. மேலாளர் கேட்டபடி இப்போது திரையில் சனிக்கிழமை என்றே காட்டுகிறது.